வெள்ளவத்தை வீட்டில் நாகமணி

நாகமணி தன் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் ஒரு முழு வீட்டில் குடியிருந்தாள். அதுவும் அவளுடைய வீடு அல்ல.

அவள் பிறந்தது அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரு லயக் காம்பராவில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அறைக்கொரு குடும்பம், குடும்பத்தில் எத்தனை பேர் என்பது யாருக்கும் கவலையில்லை. சடங்கானதற்கு மறுவருஷம் அவளைக் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பினார்கள். அங்கே குசினித் தரையில் அடுப்போரம் படுத்தாள். இருபது வயதில் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் இராமரைக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். வந்த இடத்தின் பெயரும் தோட்டம்தான்.

கொழும்பில் தோட்டம் என்றால் செடியும் இல்லை, கொடியும் இல்லை. பெரிய தெருவில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு முடுக்கு. அதற்குள் நுழைந்தால் எதிரெதிராக இரண்டு வரிசை அறைகள், நடுவில் கழிவுநீர் ஓடும் திறந்த கான், முனையில் ஒரு பைப், அதற்கும் அப்பால் கக்கூஸ்கள். அறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த பலகைத் தட்டி கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். ஒரு காலத்தில் யாரோ பெரிய மனிதரின் வீடும் வளவுமாக இருந்த இடம் என்று சொல்வார்கள். அவர் தெற்குப் பக்கம் புது பங்களா கட்டிக்கொண்டு போக, பின்வளவில் இந்த அறைகள் எழும்பின. வாடகை வாங்க ராசிக் நானா மாதம் ஒருமுறை வருவார். சொந்தக்காரரை யாரும் பார்த்ததில்லை.

அங்கே அவளுக்கு வாய்த்த அயல்வீட்டுக்காரி சீனியம்மா. துறைமுகத்தில் பாரந்தூக்கி அறுந்து விழுந்து புருஷன் செத்தபின், விடியற்காலையில் ஆப்பம் சுட்டு விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். மகள் பிறந்தபோது நாகமணி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். அந்த நாட்களில் குழந்தைக்குப் பால் கொடுத்தது சீனியம்மாதான். தன் மடியில் ஒரு பக்கம் சொந்தப் பிள்ளை, மறுபக்கம் நாகமணியின் பிள்ளை. மாமியாரின் பெயரான குப்பாயி என்பதைக் குழந்தைக்கு வைத்தபோது காதில் மூன்று முறை சொன்னதும் அவள்தான்.

நாகமணிக்கு ஒரு குணம் இருந்தது. எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் உடம்பு கூசும். வெள்ளவத்தையில் முத்துலிங்கம் ஐயா வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது ஐயாவின் மனைவி அன்னரத்தினம் அம்மா அதைத்தான் முதலில் கேட்டார்.

"கொட்டாஞ்சேனைங்கம்மா. பெரிய சர்ச்சுக்குக் கிட்ட."

அது பொய்யில்லை. சர்ச்சுக்குக் கிட்டத்தான். ஆனால் ஒருநாள் அம்மா காரில் அந்தப் பக்கம் வந்தபோது, நாகமணி பெரிய தெருவிலேயே ஓடிவந்து எதிர்கொண்டு, முடுக்குப் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல் பேசி அனுப்பினாள். முடுக்கின் வாசலில் நின்று குப்பாயி "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டது காதில் விழாததுபோல இருந்துவிட்டாள்.

வெள்ளவத்தை அப்போது வளர்ந்துகொண்டிருந்த இடம். தென்னந்தோப்புகளைத் துண்டு துண்டாக வெட்டி விற்க, யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் கடனை உடனை வாங்கி, கடலை நோக்கி ஓடும் சிறு தெருக்களான ஒழுங்கைகளில் வீடு கட்டினார்கள். முத்துலிங்கம் ஐயாவின் வீடும் அப்படிக் கட்டியதுதான். முன்னால் விறாந்தை, சிவப்புச் சீமெந்துத் தரை, நடுவில் ஹால், மூன்று அறைகள், பின்னால் குசினி, குசினியை ஒட்டி ஒரு சின்ன அறை. பின்மதிலில் ஒரு தகரக் கதவு. அதற்கப்பால் கக்கூஸ் வாளி எடுக்க வருகிறவர்களுக்கென்று விட்ட குறுகலான ஒழுங்கை. கடைசியில் ரெயில் பாதை, அதற்கப்பால் கடல்.

ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்ததும் ஒழுங்கை முழுவதும் பெட்டி கட்டத் தொடங்கியது. ஐயா வேலை செய்த கந்தோரைக் கண்டிக்கு மாற்றினார்கள். அம்மா பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகப் புறப்பட்டார்.

"வீட்டைப் பூட்டிப்போட்டுப் போகப் பயமாக் கிடக்கு நாகமணி. நீ புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து இஞ்சை இரு. பின் அறையையும் குசினியையும் பாவிச்சுக்கொள். முன்பக்கத்தை ஒவ்வொரு நாளும் கூட்டிவிட்டாக் காணும்."

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நாகமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. தோட்டத்துக்குள் நுழைந்ததும் பைப்படியில் நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"நாங்க வெள்ளவத்தைக்குப் போறோம். வீட்டையே எங்ககிட்ட விட்டுட்டாங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்குமிடம்வரை வந்தவள் சீனியம்மா. பஸ் புறப்படும்போது நாகமணி சன்னலால் தலையை நீட்டினாள். "ஒருநாளைக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டு வா சீனி. கடல் காட்டுறேன். சினிமாக் கொட்டகைக்கு அடுத்த ஒழுங்கை, பச்சைக் கேட்டு."

முதல் வாரம் மூவரும் பின் அறையில்தான் படுத்தார்கள். முன்பக்கத்தைக் கூட்டும்போது நாகமணி கதிரைகளைத் துணியால் துடைப்பாள். ஒருநாள் துடைத்த கதிரையில் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். யாரும் எழும்பு என்று சொல்லவில்லை. பின் அறை புழுங்குகிறதென்று ஹாலில் பாய் போட்டாள். அங்கிருந்து அறைக்குள், கட்டிலுக்கு. போன தைப்பொங்கலுக்கு அம்மா கொடுத்த பழைய சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து அன்றாடம் உடுத்தத் தொடங்கினாள்.

பக்கத்து வீடு அந்த மாதம்தான் கைமாறியது. தந்திக் கந்தோரில் வேலை செய்யும் ஒருவரும் அவர் மனைவி பிறிஜெற்றும் வந்தார்கள். பிள்ளைகள் இல்லை. புருஷனுக்கு இரவும் பகலும் வேலை. பிறிஜெற் பேச ஆளில்லாமல் மதிலடியில் நின்றாள்.

"நீங்க மிஸிஸ் முத்துலிங்கத்தின்ர சொந்தமோ?"

நாகமணியின் கையில் ஈர்க்கு விளக்குமாறு இருந்தது. அதை மெல்லக் கீழே விட்டாள்.

"ஓம்," என்றாள்.

அவள் வாயில் எப்போதும் வருவது "ஆமாங்க". அந்த ஒரு சொல்லை அம்மாவின் வாயிலிருந்து எடுத்துப் போட்டாள். சொல்லி முடித்ததும் முகம் காந்தியது. ஆனால் பிறிஜெற் சிரித்து, "அப்ப நல்லது. நான் உங்களை அக்கா எண்டு கூப்பிடட்டுமோ?" என்றாள். அதற்கும் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு புதுச் சட்டம் வந்தது. இராமர் முன்கேட்டால் போகக்கூடாது, வரக்கூடாது.

"பின்கதவால போயிட்டு வந்துருங்க. கரியும் அழுக்குமா இந்தப் பக்கம் நடந்தா என்னா நினைப்பாங்க?"

"பின் ஒழுங்கையா? அதுல கக்கூஸ் வாளிக்காரன்ல போறான்?"

"கொஞ்சத் தூரந்தானே."

இராமர் அவளைப் பார்த்தான். சண்டை போடுகிற ஆள் இல்லை. மறுநாள் விடியுமுன் தகரக் கதவைத் திறந்துகொண்டு போனான். குப்பாயிக்கும் சொல்லிக் கொடுத்தாள்: மதிலடியில் கத்தக்கூடாது, யார் கேட்டாலும் தோட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஏழு வயதுப் பிள்ளை, என்ன விளையாட்டு என்று விளங்காமல், சரி என்றது.

ஈஸ்டர் ஞாயிறு காலையில் குண்டு விழுந்தது. விடியற்பூசைக்குப் போய்த் திரும்பியிருந்த பிறிஜெற், சங்கு ஊதியதும் தன் வீட்டில் தனியே நிற்கப் பயந்து நாகமணியிடம் ஓடிவந்தாள். குப்பாயியோடு மூவரும் சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்தார்கள். ரத்மலானைப் பக்கமிருந்தும் துறைமுகப் பக்கமிருந்தும் மாறி மாறிச் சத்தம். கண்ணாடிக் கதவுகள் நடுங்கின. பிறிஜெற் ஒரு கையில் செபமாலையும் மறுகையில் நாகமணியின் கையுமாகக் கிடந்தாள். "அக்கா, விடாதேங்கோ. அக்கா, விடாதேங்கோ." நாகமணி விடவில்லை. துறைமுகத்தில் இருந்த புருஷனையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லி அழக்கூட முடியவில்லை. சொன்னால் அவன் அங்கே என்ன வேலை செய்கிறான் என்ற கேள்வி வரும்.

பின்னேரம் இராமர் வந்தான், முகமெல்லாம் புகை படிந்து. குசினி வாசலில் குந்தியபடி தண்ணீர் கேட்டான்.

"நம்ம தோட்டத்துக்குப் போயிட்டுத்தான் வாறேன். பின்மதிலுக்கு அங்கிட்டு ஒண்ணு விழுந்திருக்கு. கடைசி அறைங்க சாஞ்சிருச்சு. ஆளுக தப்பிச்சிட்டாங்க. சீனியம்மா வீட்டுக்குக் கூரை இல்ல. மூணும் வெளியில குந்தியிருக்குதுங்க. நாளைக்குப் போய் கூட்டிட்டு வந்துர்றேன்."

நாகமணி காலிச் செம்பை வாங்கிக் கழுவத் தொடங்கினாள்.

"என்னா?"

"அடுத்தவங்க வீடு. நாம எப்படி இன்னொரு ஆளைக் கொண்டுவந்து..."

"குசினியில மூணு பேரு படுத்தா வீடு தேஞ்சிருமா?"

"பாப்போம்," என்றாள்.

மறுநாள் துறைமுகத்தில் ஆட்கள் பாதிக்கு மேல் ஓடிவிட்டதால் இருந்தவர்களை வெளியே விடவில்லை. இராமரால் கொட்டாஞ்சேனைக்குப் போக முடியவில்லை. அன்று காலையிலிருந்தே காலி வீதியில் சனம் நடந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, கையில் கோழி. எங்கே போகிறோம் என்று தெரிந்தவர்கள் குறைவு. கொழும்பை விட்டுப் போனால் போதும் என்ற நடை. பிறிஜெற் ஒரு வாளியில் தண்ணீரும் ஒரு தட்டில் பேக்கரிப் பாண் துண்டுகளுமாக ஒழுங்கை முனைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மத்தியானம் வெயில் ஏறியபின் நாகமணியின் விறாந்தையில் வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் தேத்தண்ணீர்.

பச்சைக் கேட்டின் முன் மூன்று பேர் வந்து நின்றார்கள். சீனியம்மாவை முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைமயிரில் சுண்ணாம்புத் தூள். சின்னவன் தோளில், பெரியவள் கையைப் பிடித்தபடி. செருப்பில்லாத பெரியவளின் காலில் துணி சுற்றியிருந்தது.

"ஏ நாகு!" என்று கூப்பிட்டாள் சீனியம்மா. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது.

பிறிஜெற் எட்டிப் பார்த்தாள். "அக்கா, உங்களையோ கூப்பிடினம்? இவவை உங்களுக்குத் தெரியுமோ?"

கதவுக்குப் பின்னால் குப்பாயி எழும்புவது நாகமணிக்குக் கேட்டது. சட்டென்று எழுந்து உள்ளே கை நீட்டிப் பிள்ளையின் தோளைப் பிடித்து அப்படியே அமுக்கினாள். முகம் மட்டும் வாசல் பக்கம்.

"தெரியாது," என்றாள். "ஆரோ."

கேட்டின் கம்பியைப் பிடித்திருந்த சீனியம்மாவின் கை அப்படியே நின்றது. நாகமணியின் சேலையைப் பார்த்தாள். கதிரையைப் பார்த்தாள். பிறிஜெற்றைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"இல்லீங்கம்மா," என்றாள் பிறிஜெற்றிடம். "வேற வீடு தேடி வந்தேங்க. ஒழுங்கை மாறிப் போச்சு."

பிறிஜெற் இறங்கிப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். மிச்சமிருந்த பாணையும் கொடுத்தாள். பிள்ளைகள் குடிக்கும்வரை சீனியம்மா காத்திருந்தாள், தான் குடிக்கவில்லை. பெரியவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒழுங்கை முனையில் தெற்கே திரும்பினார்கள்.

"பாவங்கள்," என்றபடி பிறிஜெற் வந்து உட்கார்ந்தாள். "உங்கட தேத்தண்ணி ஆறிப்போச்சு அக்கா."

நாகமணி அதைக் குடித்தாள். பின்னாளில் எதை மறந்தாலும் அந்தத் தேத்தண்ணீரை அவள் மறக்கவில்லை. குடிக்காமல் வைத்திருக்கலாம். எழுந்து ஓடியிருக்கலாம். அவர்கள் ரெயில் நிலையத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் கோப்பையின் அடிவரை குடித்து, சீனி போதுமா என்று பிறிஜெற் கேட்டதற்குப் போதும் என்று பதிலும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் இராமருக்கு வெளியே வர முடிந்தது. நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டு வந்தான். "சீனியம்மா இங்கதான் வருதுன்னு தோட்டத்துல சொல்றாங்க. எங்க?"

"வரல," என்றாள் நாகமணி.

அவன் போட்ட சட்டையைக் கழற்றாமல் தேடப் புறப்பட்டான். அதற்குள் குசினி மூலையிலிருந்து குப்பாயி அழுதது. "வந்துச்சு அப்பா. பெரியம்மா வந்துச்சு. அம்மா தெரியாதுன்னு சொல்லிருச்சு."

அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவன் முன்கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனான். கல்கிசைவரை நடந்து, கோவில் மடம், பள்ளிக்கூடம், தென்னந்தோட்டம் எல்லாம் கேட்டுப் பார்த்து மறுநாள் வெறுங்கையோடு வந்தான். அன்றிலிருந்து குசினியில்தான் படுத்தான். அவள் தட்டில் போட்டதைச் சாப்பிட்டான். அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. போவது வருவது எல்லாம் முன்கேட்டால். பிறிஜெற் ஒருநாள் கேட்டாள், அந்தக் கரி ஆள் யார் என்று. வேலைக்காரன் என்று நாகமணி சொன்னாள். அதையும் சொன்னாள்.

குடிவந்த ஐந்தாம் மாதம், ஒரு சனிக்கிழமை, முத்துலிங்கம் ஐயா முன்னறிவித்தல் இல்லாமல் கண்டியிலிருந்து வந்து இறங்கினார். ஹாலில் நாகமணியும் பிறிஜெற்றும் இருந்தார்கள். நாகமணி எழும்பத் தவறிவிட்டாள். பிறிஜெற்தான் எழுந்து, "வாங்கோ, மிஸ்டர் முத்துலிங்கம்தானே? உங்கட சொந்தக்கார அக்காவோடைதான் கதைச்சுக்கொண்டிருந்தனான்," என்றாள்.

ஐயா சுற்றுமுற்றும் பார்த்தார். "எந்தச் சொந்தக்காரர்?"

"இவதான்."

ஐயா சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பகிடி என்று நினைத்துத்தான் சிரித்தார். "நாகமணியோ? இவ எங்கட வீட்டு வேலைக்காரியெல்லோ? வீட்டைப் பாக்க விட்டனாங்கள்."

பிறிஜெற்றின் முகம் சிவந்தது. "ஐயோ, சொறி மிஸ்டர் முத்துலிங்கம். எனக்குத் தெரியாது. சொறி," என்று அவரிடம் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாள். நாகமணியின் பக்கம் திரும்பவில்லை. தான் இருந்த கதிரையைக் குனிந்து பார்த்தாள், ஏதோ ஒட்டியிருக்கிறதா என்பதுபோல.

"நாகமணி, மிஸிஸுக்கும் எனக்கும் தேத்தண்ணி கொண்டு வா," என்றார் ஐயா.

கொண்டுவந்தாள். தட்டத்தை நீட்டியபோது பிறிஜெற் கோப்பையை எடுத்து, வாயில் வைக்காமல் மேசையில் வைத்தாள். கதவு நிலையில் சாய்ந்து நின்ற நாகமணிக்கு, அன்று கேட்டுக்கு வெளியே நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் விளங்கியது. கொஞ்சம்தான். தோளில் பிள்ளை இல்லை, காலில் புண் இல்லை, போக இடமில்லாத வெயிலும் இல்லை.

வீட்டை ஒரு இராணுவ உத்தியோகத்தருக்கு வாடகைக்கு விடப்போவதாக ஐயா சொன்னார். அடுத்த வாரம் காலி செய்ய வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் அப்போது ஒரு அறைக்கு நாலு குடும்பம் காத்திருந்தது. ஓடிப்போன சனம் திரும்பிவிட்டது; போர் வேலைக்கென்று புதிதாகவும் வந்து குவிந்தது. இராமர் தேடி அலைந்து, கடைசியில் வந்து சொன்னான்: "பாதி அறை கிடைச்சிருக்கு. சாமானக் கட்டு."

எங்கே என்று அவள் கேட்டாள். வந்து பார் என்றான்.

அது அவர்களுடைய பழைய தோட்டம், பழைய அறை. அவர்கள் விட்டுப்போன அறையை, சீனியம்மா திரும்பி வந்தபோது, ராசிக் நானா அவளுக்குக் கொடுத்திருந்தார். வாசலில் சீனியம்மா ஆப்பத்துக்கு மா கரைத்துக்கொண்டிருந்தாள். நாகமணி தலைச்சுமையோடு முடுக்கில் நின்றுவிட்டாள். அங்கிருந்து பஸ் நிற்குமிடத்துக்குத் திரும்பி ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடினாலும் போவதற்கு ஓர் இடம் வேண்டுமே.

குப்பாயி கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்ச் சீனியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"நடுவுல சாக்கு கட்டியிருக்கேன்," என்றாள் சீனியம்மா நிமிராமலே. "அந்தப் பக்கம் உங்களுக்கு. விடியக்காலை அடுப்பு எனக்கு. ஆப்பம் முடிஞ்ச பெறகு நீ வச்சுக்க."

"சீனி... அன்னைக்கு..."

"பைப்புக்குப் போ. இப்ப போனாத்தான் தண்ணி கெடைக்கும்."

நாகமணி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டி கூரைவரை எட்டாத இடத்தில் எந்தக் கதைதான் ஒளிந்திருக்கும்? "வெள்ளவத்தை அம்மாவுக்கு எடம் விடுங்கடி" என்று ஒருத்தி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பாள்.

மூன்று வருஷம் அந்தச் சாக்குக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்தார்கள். சீனியம்மா முகம் முறிக்கவில்லை. உப்புக் கேட்டால் கொடுத்தாள், பிள்ளைகளுக்குச் சேர்த்து எண்ணெய் வைத்தாள். ஆனால் நாகமணி செய்யும் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. நாகமணி அவளுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைத்தால், "என் தண்ணிய நான் எடுத்துக்குவேன்" என்று வெறுங்குடத்தோடு போய் வரிசையில் நிற்பாள். மா இடித்து வைத்தால் ஒரு ஆப்பத்தைத் தட்டில் வைத்துக் கணக்குத் தீர்ப்பாள். பெரியவளின் பாதத்தில் ஒரு தழும்பு விழுந்திருந்தது. அவள் முற்றத்தில் நடக்கும்போதெல்லாம் நாகமணி வேறு பக்கம் பார்ப்பாள். தானாக வாய் திறக்க ஒருபோதும் துணியவில்லை. முதல் நாள் சீனியம்மாதான் தடுத்தாள் என்று மனதுக்குள் சாக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மை என்னவென்றால், தடுத்தது அவளுக்கு வசதியாக இருந்தது.

போர் முடிந்து அன்னரத்தினம் அம்மா பிள்ளைகளோடு திரும்பி வந்தார். நாகமணியை வேலைக்கு ஆள்விட்டுக் கூப்பிட்டார். போகக் கூசியது. ஆனால் இராமருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது, போகாமல் முடியாது. பச்சைக் கேட்டு இப்போது சாம்பல் நிறம். முதல் நாளே பிறிஜெற் மதிலடியில் நின்றாள்.

"நாகமணி, சுகமோ?" என்றாள். அக்கா இல்லை.

அடுத்த வாரம் நாகமணி மதிலடிக்குத் தானே போனாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தைகள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். குண்டு போட்டதுக்கு மறுநாள், பிள்ளைகளோட ஒரு பொம்பளை இந்தக் கேட்டுக்கு வந்துச்சுல்ல. நான் தெரியாதுன்னு சொன்னேன். அது எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க. என் மகளுக்குப் பால் கொடுத்தவ."

பிறிஜெற் நெற்றியைச் சுருக்கினாள். "எந்தப் பொம்பிளை?"

"நீங்க தண்ணி கொடுத்தீங்களேம்மா. பாணும் கொடுத்தீங்க."

"அண்டைக்கு எத்தினை பேருக்குக் குடுத்தம். எனக்கு ஞாபகமில்லை," என்றாள் பிறிஜெற். உள்ளே அடுப்பில் ஏதோ கொதித்தது, போய்விட்டாள்.

யாருக்கு முன்னால் வெட்கப்பட்டு அந்தச் சொல்லைச் சொன்னாளோ, அவளுக்கு அது நினைவுகூட இல்லை.

அன்று பின்னேரம் தோட்டத்துக்கு வந்ததும் நேரே சாக்கை விலக்கிக்கொண்டு மறுபக்கம் போனாள். அதுவரை கேட்காமல் அந்தப் பக்கம் போனதில்லை. சீனியம்மா தட்டில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிறிஜெற் அம்மாகிட்ட சொல்லிட்டேன். உன்னத் தெரியும்னு சொல்லிட்டேன்."

சீனியம்மாவின் விரல் அரிசியில் நின்றது. "அவகிட்ட எதுக்குச் சொன்ன? அவளா தெருவுல நின்னா?"

நாகமணி சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வருஷமா இந்தா, இந்தச் சாக்குக்கு அங்கிட்டுத்தான படுத்திருக்க. எங்கிட்ட ஒருநாள் சொல்லியிருக்கியா?"

"நீதான் அன்னைக்கு..."

"அன்னைக்கு வேணாம்னேன். அன்னைக்கு நீ வாயத் தொறந்திருந்தா ஒன்ன அடிச்சிருப்பேன். அதுக்கப்புறம் எத்தன நாளு."

நாகமணி தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் சீனி," என்றாள். "ஒன்னப் பார்த்ததும் என் இடுப்புல முடிஞ்சு மறைச்சு வச்ச இந்தத் தோட்டம் முழுசா வெளிய வந்துருமோன்னு பயந்துட்டேன். ஒன்னத் தெரியாதுன்னேன். நீ போன பெறகு ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சேன்."

சீனியம்மா ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். பிறகு அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கல்கிசையில ஒரு மில்லுக் கூரைக்கடியில கெடந்தோம். நாலு நாள். சின்னவனுக்கு வயித்தால போச்சு. ஒரு சிங்களக் கிழவி கஞ்சி கொண்டாந்து குடுத்தா. அவளுக்கு நான் யாருன்னு தெரியாது."

"அப்ப ஏன் என்னக் காட்டிக் கொடுக்கல?"

"ஒன் மூஞ்சியப் பார்த்தேன். பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அத அந்த அம்மா முன்னால இன்னும் அவமானப்படுத்தி எனக்கென்னா கெடைக்கப் போவுது? கேட்டத் தொறப்பியா?"

சாக்குக்கு அப்பால் இராமர் இருமுவது கேட்டது. அவன் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல நாகு," என்றாள் சீனியம்மா. "பொய்யாச் சொல்ல மாட்டேன். கூட இருக்கச் சொன்னேன், இருக்குறோம். அது போதும்னு வச்சுக்க."

நாகமணி தலையாட்டினாள். எழுந்து போகச் சொல்வாள் என்று காத்திருந்தாள். சீனியம்மா சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துத் தட்டைக் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினாள். பங்கீட்டு அரிசி, பாதி கல். இருவரும் கல்லைப் பொறுக்கி வாசலில் போட்டார்கள். வெளிச்சம் குறையக் குறையக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

அதன்பின் நாகமணி பிடித்துவைத்த தண்ணீரைச் சீனியம்மா சில நாள் எடுப்பாள், சில நாள் எடுக்க மாட்டாள். ஏன் என்று நாகமணி கேட்டதில்லை. வெள்ளவத்தை வேலையை இன்னும் இரண்டு வருஷம் செய்தாள். எங்கே இருக்கிறாய் என்று அம்மாவைப் பார்க்க வந்த யாரோ ஒருநாள் கேட்டபோது முடுக்கின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், அறை யாருடையது என்பதையும் சொன்னாள். சொல்லும்போது முகம் முன்போலவே காந்தியது. அது கடைசிவரை மாறவில்லை.